கோல் வாயிலில் நின்ற முன்கள வீரர்

போக்தான் புல்தரையில் ஒருக்களித்துக் கிடந்தார். வலக்கை தலைக்கு மேலாக நீண்டிருந்தது. இரவல் கையுறையின் விரல் நுனிகள் கோல் கம்பத்தை நோக்கி விரிந்திருந்தன. பந்து அவரைக் கடந்து வலையின் அடியில் போய்ச் சுருண்டிருந்தது.

ஆடுகளத்தின் மறுகரையில் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். கொலோனிலிருந்து வந்த அணியினர் ஒருவர் முதுகில் ஒருவர் ஏறிக் கூத்தாடினார்கள். வடை பொரியும் எண்ணெயின் மணமும் வெட்டிய புல்லின் ஈர மணமும் கலந்து வீசின. அறிவிப்பாளனாகிய நான் அந்தக் கோலை அறிவிக்க வேண்டும். சொல் எழவில்லை. ஏனெனில் போக்தான் எழவில்லை.

"அண்ணை! மைக்கை வைச்சிட்டு ஓடி வாங்கோ! ஆளை முடிச்சுப்போட்டம்!"

கத்தியவர் தவம். எங்கள் தமிழர் விளையாட்டுக் கழகத்தின் செயலாளர். அவருடைய குரலுக்கு ஒலிபெருக்கி எந்நாளும் தேவைப்பட்டதில்லை.

கீழே கிடந்த போக்தான் எங்களவர் அல்லர். உக்ரேன் நாட்டின் முதல்தரக் கழகங்களில் ஆடிய முன்கள வீரர். பந்தைக் கோலுக்குள் செலுத்துவதையே வாழ்க்கைத் தொழிலாகக் கொண்டவர். அன்று ஞாயிற்றுக்கிழமை. செவ்வாய்க்கிழமை காலையில் யேர்மனியின் நான்காம் நிலைக் கழகம் ஒன்று அவரைச் சோதித்துப் பார்க்கவிருந்தது. அதில் தேறாவிட்டால் உதைபந்தாட்டத்தை அத்தோடு விட்டுவிடுவதென்று அவரும் மனைவி ஒலேனாவும் முடிவு செய்திருந்தார்கள். அப்படிப்பட்டவர் எங்கள் கோடை விழாவில், அதுவும் கோல் காப்பாளராக, முழங்காலை மடித்து விழுந்து கிடந்தார்.

இது எப்படி நேர்ந்தது என்பதைச் சொல்லிவிட்டு மறுபடியும் அந்தப் புல்தரைக்கு வருகிறேன்.

இரண்டு முழங்கால்கள்

யேர்மனியில் நான் வாழும் ஊர் ஹம். என் எழுத்துக்குள் வடவெழுத்தைக் கூடியவரை நுழையவிடுவதில்லை என்பதை இத்தொடரைப் படித்து வருவோர் அறிவர். குடியிருக்கும் ஊரின் பெயரே அதைக்கொண்டு தொடங்குவதால் அந்த ஒன்றுக்கு மட்டும் விலக்கு அளித்திருக்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் செய்தித்தாளொன்றில் அச்சுப்பிழை திருத்திக்கொண்டிருந்தவன், இங்கே வந்து கம்பி இழுக்கும் ஆலையில் ஓய்வுபெறும்வரை பணியாற்றினேன். இருந்து பார்த்த வேலை போய், நின்று பார்க்கும் வேலை வந்தது. அதன் விளைவை முதலில் உணர்ந்தது இடது முழங்கால். மருத்துவர்கள் தேய்ந்த மூட்டை எடுத்துவிட்டு எஃகு மூட்டொன்றைப் பொருத்தினார்கள். அதன்பிறகு கிழமை தவறாமல் இயன்முறை மருத்துவரிடம் போகவேண்டியதாயிற்று.

தொடர்வண்டி நிலையத்துக்கு அருகே, ஒரு மாடியில், பெரிய சாளரங்கள் வைத்த கூடம். உள்ளே நுழைந்ததும் புதினாத் தைலம் கண்ணைக் கரிக்கும். நகராத மிதிவண்டிகள் இரண்டு சாளரத்தைப் பார்த்தபடி நிற்கும். ஒன்றில் நான் ஏறினேன். மற்றதில் நெடிய, மெலிந்த, முப்பதைத் தாண்டிய ஒருவர் ஏற்கெனவே மிதித்துக்கொண்டிருந்தார்.

"எந்தக் கால்?" என்று கேட்டார்.

"இடது. முழுவதும் புதியது."

"எனக்கு வலது. பழையதையே தைத்துத் தந்திருக்கிறார்கள். இரண்டு முறை."

சற்று நேரம் மிதித்தோம்.

"என்ன வேலை செய்து கெடுத்தீர்கள்?"

"கம்பி," என்றேன். "நீங்கள்?"

"பந்து."

எங்கள் பேச்சு யேர்மன் மொழியில்தான் நடந்தது. அவருடையதிலும் என்னுடையதிலும் ஏறத்தாழ ஒரே அளவு ஓட்டைகள் இருந்தமையால் ஒருவரையொருவர் நன்றாக விளங்கிக்கொண்டோம். இங்கே அதைத் தமிழில் தருகிறேன்.

நான் உதைபந்தாட்டத்தை அறிவிப்பவனேயன்றி அறிந்தவன் அல்லேன். ஆகவே, பந்து என்று அவர் சொன்னதும் பள்ளிக்கூடத்து விளையாட்டு ஆசிரியராக இருக்கலாம் என்று எண்ணிக்கொண்டேன். அந்த மயக்கத்தைத் தெளிவித்தவர் தவம். ஒருநாள் என்னை ஏற்றிப்போக வந்தவர், கதவருகில் போக்தானைக் கண்டு, வண்டிக்குள் வந்தும் வியப்பில் திறந்த வாயை மூடவில்லை. பிறகு கைப்பேசியில் எதையோ தேடி என் மூக்கின்கீழே நீட்டினார்.

"அண்ணை, இவரை ஆரெண்டு தெரியுமோ?"

"போக்தான். நல்ல மனிதர்."

"நல்ல மனிதரோ! இந்தக் கோலைப் பாருங்கோ. இதையும் பாருங்கோ. இவ்வளவு நாளும் இவரோடை பக்கத்திலை இருந்து என்ன கதைச்சனீங்கள்?"

"முழங்காலைப் பற்றி."

தவம் நெற்றியைச் சுக்கான் வட்டில் முட்டிக்கொண்டார். வண்டி ஒருமுறை ஒலியெழுப்பியது.

ஏறியதும் இறங்கியதும்

அதன்பிறகு முழங்காலோடு பந்தைப் பற்றியும் கேட்கலானேன். அவருடைய கதை மிதிவண்டியில் மிதித்தபடியே துண்டு துண்டாக வந்தது.

தினிப்ரோ ஆற்றங்கரையில் உருக்காலைகள் நிறைந்த நகரொன்றில் பிறந்தவர். பத்தொன்பதாம் அகவையில் முதல்தர ஆட்டத்தில் முதற்கோல். அன்று களம் முழுதும் பனி. வெள்ளைப் பந்து கண்ணுக்குத் தெரியாது என்று செம்மஞ்சள் பந்தால் ஆடினார்களாம்.

"தலையால் முட்டினேன். நெற்றியில் பனி ஒட்டிக்கொண்டது. அரங்கம் என் பெயரைச் சொன்னது. மறுநாள் காலையுணவுக்குப் பாண் வாங்கப் போனால் கடைக்காரப் பெண் எழுந்து நிற்கிறாள். எனக்கு வெட்கமாய்ப் போய்விட்டது. பாண் வாங்காமலே திரும்பிவிட்டேன்."

அடுத்த பருவத்தில் முழங்கால் பிணைப்புநார் அறுந்தது. எவரும் மோதவில்லை. பயிற்சிக் களத்தில் தனியாகத் திரும்பியபோது உள்ளே ஏதோ நூல் அறுவதுபோல ஓசை கேட்டதாம். ஓராண்டுக்கு அண்மித்த காலம் படுத்தும் நடந்தும் கழிந்தது. மீண்டு வந்து முன்னிலும் மிகுதியாகக் கோல் போட்டார். பெரிய கழகமொன்று அழைத்தது. நாட்டு அணியின் மேற்சட்டையும் கிடைத்தது.

"ஆனால் களத்தில் இறங்கவில்லை. உடம்பைச் சூடாக்கு என்று பயிற்சியாளர் சொன்னார். கோட்டோரம் ஓடினேன். ஓடிக்கொண்டே இருந்தேன். நடுவர் ஆட்டத்தை முடித்து ஊதிவிட்டார். அவ்வளவு சூடான உடம்போடு வீட்டுக்குப் போனவன் உலகில் நான் ஒருவன்தான்."

பிறகு துருக்கியின் கடற்கரை நகரொன்றுக்குப் போனார். இவரை விரும்பி அழைத்த பயிற்சியாளரை, இவர் பெட்டியைப் பிரிக்குமுன்னரே கழகம் நீக்கிவிட்டது. புதிதாக வந்தவருக்குக் குட்டையான, விரைந்தோடும் வீரர்களே வேண்டும். "அவர் கண்ணுக்கு நான் ஒரு மின்கம்பம்," என்றார் போக்தான். அங்கே ஓராண்டு மாற்றாட்டக்காரர் வாங்கில் அமர்ந்து வெயில் காய்ந்தார். அடுத்துப் போலந்து. அங்கே மறுபடியும் உயர்ந்தார். பார்வையாளர்கள் அவர் பெயரை வைத்துப் பாட்டுக் கட்டினார்கள். பாட்டு நாவில் பழகுமுன்னரே அதே முழங்கால், அதே ஓசை.

கட்டோடு கிடந்த நாள்களில்தான் நாட்டில் போர் மூண்டது. போக்தான் அந்தப் பகுதியை விரைந்து கடந்தார். ஒலேனாவும் மகளும் எல்லை கடந்து வந்தார்கள் என்றார். பிறகு மிதிவண்டியின் வேகத்தைக் கூட்டினார். நானும் கேட்கவில்லை. இதில் கேள்வி கேட்காதிருக்க எங்களவருக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சுருங்கிய வாயில்

யேர்மனியின் மூன்றாம் நிலைக் கழகமொன்று அவரை எடுத்தது. தொடக்கம் நன்றாக இருந்தது. பருவத்தின் இறுதி ஆட்டம், சொந்தத் திடல். வென்றால் அந்த நிலையிலேயே நீடிக்கலாம், இல்லையேல் கீழிறங்க வேண்டும். முடிவு நெருங்கும் வேளையில் தண்ட உதை கிடைத்தது. கோல் காப்பாளர் ஒருவரே எதிரே நிற்க, குறித்த இடத்திலிருந்து பந்தை உதைக்கும் வாய்ப்பு. போக்தான் உதைத்தார். பந்து நேராகக் காப்பாளரின் கைகளுக்குள் போய் அமர்ந்தது.

"என்னை ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்," என்றார். "அவர்கள் ஏசவில்லை. அமைதியாகக் குடைகளை மடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்."

அடுத்த பருவம் முழுவதும் ஒரு கோலும் இல்லை. முழங்கால் அதற்குக் காரணம் அன்று.

"பந்து வரும் இடங்களை நான் தவிர்க்கத் தொடங்கினேன். தடுப்பாட்டக்காரரின் முதுகுக்குப் பின்னே போய் நின்றால் பந்து வராது. வராத பந்தைத் தவறவிட முடியாது. தப்பித்தவறி வந்தாலும் உடனே திருப்பிக் கொடுத்துவிடுவேன். ஏனென்றால் அடிக்க இடமே இருக்காது. காப்பாளன் நின்றால் வாயில் நிறைந்துவிடும். கைகளை விரித்தால் கம்பத்திலிருந்து கம்பம்வரை அவன்தான்."

பருவம் முடிந்தது. கழகம் உடன்படிக்கையைப் புதுப்பிக்கவில்லை.

அவர் இதைச் சொன்னபோது எனக்குக் கம்பி ஆலை நினைவுக்கு வந்தது. ஒருமுறை இழுபட்டுக்கொண்டிருந்த கம்பி அறுந்து சாட்டைபோலச் சுழன்று என் காதருகே சீறிப் போயிற்று. தோலில் ஒரு கீறல்கூட விழவில்லை. மறுநாள் காலையில் போனால் எந்திரம் ஒரு முழம் முன்னே நகர்ந்து நிற்கிறது. மேற்பார்வையாளரிடம் முறையிட்டேன். அவர் என்னை அழைத்துப்போய், அது நிலத்தோடு பூட்டப்பட்டிருந்த திருகாணிகளைக் காட்டினார். எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. ஆயினும் என் கண்ணுக்கு அது பழைய இடத்துக்குப் போக இளவேனில் வரை ஆயிற்று. ஆகையால் "அஞ்சாதீர்கள்" என்று போக்தானிடம் நான் சொல்லவில்லை. திருகாணியைக் கண்ணால் கண்ட பின்னும் எந்திரம் முன்னால்தான் நின்றது என்பதை மட்டும் சொன்னேன். அவர் மிதிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"பிறகு எப்படிப் போயிற்று?"

"தெரியவில்லை. ஒருநாள் பார்த்தேன், போயிருந்தது."

"ஒருநாள்," என்றார் அவர். "எனக்கு அவ்வளவு நாள் இல்லை."

ஒலேனா எங்கள் ஊர்ப் பராமரிப்பு இல்லமொன்றில் வேலை செய்தார். அங்கே முதியோர் பராமரிப்புப் பயிற்சிக்குப் போக்தானுக்கும் ஓரிடம் வைத்திருந்தார்கள். இலையுதிர் காலத்தில் தொடங்கும் பயிற்சி. கோடை முடியுமுன் விடை சொல்லிவிட வேண்டும். நல்ல தொழில், அதை அவரும் இழிவாக எண்ணவில்லை. "ஆனால் ஓடிவந்து அதற்குள் ஒளிந்துகொள்ள விருப்பமில்லை," என்றார். அந்த வேளையில்தான் நான்காம் நிலைக் கழகத்தின் அழைப்பு வந்தது. செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி.

"முழங்காலுக்கு என்னால் ஆனதெல்லாம் செய்துவிட்டேன்," என்று இயன்முறை மருத்துவர் அவர் தோளில் தட்டினார். மற்றதற்கு அந்தக் கூடத்தில் கருவிகள் இல்லை.

விருந்தாளியை ஓடவிடலாமா?

எங்கள் கோடை விழாவுக்குப் போக்தானை அழைத்தது தவம்தான். வந்து ஆட்டம் பார்த்துவிட்டு, எங்கள் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்பதே எண்ணம். ஒலேனாவும் வந்திருந்தார். கையில் ஒரு கடி கடித்த றோல்சும் கண்ணில் நீருமாக நின்றார். உறைப்பு.

நாற்பது கடந்தோர் ஆட்டம் தொடங்க வேண்டிய நேரம். எங்கள் கோல் காப்பாளர் மருத்துவமனை வேலையில் முறை மாற்றிக்கொள்ள ஆள் கிடைக்காமல் வரவில்லை. அணிக்கு ஒரு விருந்தினரைச் சேர்க்கலாம், அவருக்கு அகவை வரம்பு இல்லை என்று விதியில் இடமிருந்தது. எல்லாருடைய கண்ணும் போக்தான்மேல் விழுந்தது.

வேறெந்த இனத்தாராயினும் இவரை முன்களத்தில் நிறுத்தி, பந்தையெல்லாம் அவரிடம் கொடுத்து, கோப்பையை வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். எங்கள் கழகத்தில் அது நடவாது. முன்களம் எங்களில் மூத்தோரின் உரிமை. எவர் முதலில் கழகத்தில் சேர்ந்தாரோ அவர் முன்னால் நிற்பார். மூச்சு வாங்குவதும் தொந்தி தள்ளுவதும் அந்த உரிமையைப் பாதிப்பதில்லை. அன்றைய அணியில் முன்கள வீரர் அறுவர் இருந்தனர்.

"அப்ப இவரை முன்னுக்கு விடுவமே," என்று எவரோ ஒருவர் மெல்லச் சொன்னதுதான் தாமதம், தவம் பொங்கிவிட்டார்.

"விசரோ உனக்கு? அவர் எங்கட விருந்தாளி. வீட்டுக்கு வந்தவரை ஓடவிடுறதோ? அதுவும் செவ்வாய்க்கிழமை அந்தக் கழகத்திலை அவருக்குத் தெர்மின் இருக்கு. முழங்காலுக்கு ஏதும் நடந்தா ஆர் பொறுப்பு? கோலுக்கை விடுங்கோ. சும்மா நிண்டாலே காணும்."

எல்லாருக்கும் அது மிகுந்த நியாயமாகப் பட்டது. போக்தானிடம் யேர்மன் மொழியில் விளக்கினார்கள். அவர் தன் நெஞ்சைத் தொட்டு, "நான் முன்கள வீரன்," என்றார்.

"தெரியும், தெரியும்," என்றார் தவம் பரிவோடு. "அதுதான் ஓய்வு தருகிறோம்."

போக்தான் என்னைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டு, ஒரு விரல் நீளம் குறைந்த கையுறைகளை இழுத்து மாட்டிக்கொண்டார். தவத்தின் மனைவி மடக்கு நாற்காலியொன்றைக் கொண்டுவந்து கோல் வலைக்குப் பக்கத்தில் விரித்தார். அதன்மேல் சுடுநீர்ப் போத்தலில் தேநீர், தட்டில் வடை. வெயிலுக்கென்று குடையும் வந்தது. நடுவர் குடையை மட்டும் அகற்றச் சொன்னார்.

ஆட்டத்தை நான் அறிவித்தேன். "மூலை உதை", "தலைமுட்டு", "தடுப்பரண்" என்று முறையாகச் சொல்லிவரும்போது, "அண்ணை, விளங்கிற தமிழிலை சொல்லுங்கோ!" என்று வழக்கம்போல ஒரு குரல் எழுந்தது. வழக்கம்போல அதைப் பொருட்படுத்தவில்லை.

எங்கள் முன்கள வீரர் அறுவரும் எதிரணியின் கோல் வாயிலில் கூடி நின்று ஒருவரோடொருவர் மோதிக்கொண்டார்கள். பின்னால் தடுக்க ஆளில்லை. ஆகவே, சும்மா நிற்க வேண்டிய போக்தானை நோக்கிக் கொலோன் அணியினர் அலையலையாக வந்தார்கள். கையாலும் காலாலும் ஒருமுறை முதுகாலும் தடுத்தார். மூன்று பந்துகள் உள்ளே போயின. எங்களவரும் எப்படியோ மூன்று போட்டுவிட்டார்கள்.

முடிவு நெருங்கியபோது தவமே பின்னால் ஓடிவந்து ஒருவரின் காலைத் தட்டிவிட, கொலோனுக்குத் தண்ட உதை கிடைத்தது.

உதைக்க வந்தவர் குணம் அண்ணை. கொலோனில் மளிகைக் கடை வைத்திருப்பவர். வெற்றிக் கோலுக்கு ஒரு பெட்டி மாம்பழம் என்று வேறொரு கடைக்காரர் அறிவிக்கச் செய்திருந்தார். குணம் அண்ணை பந்தை வைத்துவிட்டு நழுவிய காற்சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். களமெங்கும் சிரிப்பு.

"தம்பியவை, சிரிக்காதேங்கோ! மாம்பழம் என்ர கடையிலையும் கிடக்கு. ஆனா அவன்ர கடை மாம்பழத்தைத் தின்ன வேணும்!"

ஓடிவந்து உதைத்தார். போக்தான் அந்தக் கலையை அறிந்தவரல்லவா? குணம் அண்ணையின் ஊன்றிய காலைப் பார்த்தே திசையைக் கண்டுகொண்டு, பந்து புறப்படும்போதே சரியான பக்கம் பாய்ந்தார். நெடிய உடல் முழுவதும் நீண்டது. அப்படியிருந்தும் பந்து விரலுக்கு அப்பால் உருண்டு உள்ளே போயிற்று.

விரலுக்கும் கம்பத்துக்கும் நடுவில்

தொடக்கத்தில் நான் விட்ட இடம் இதுதான்.

ஒலிவாங்கியை வைத்துவிட்டு எஃகு முழங்கால் இடங்கொடுத்த அளவுக்கு விரைந்தேன். தவம் எனக்கு முன்னே போய்ப் புல்லில் மண்டியிட்டிருந்தார். ஒலேனாவின் முகம் வெளிறிப்போயிருந்தது. ஒருவர் தண்ணீர் ஊற்ற, ஒருவர் விசிற, ஒருவர் நல்லெண்ணெய் தேடி வண்டிக்கு ஓடினார்.

"போக்தான், எங்கை நோகுது? காலோ? காட்டுங்கோ!" பதற்றத்தில் தவம் தமிழிலேயே கேட்டுக்கொண்டிருந்தார். "அண்ணை, செவ்வாய்க்கிழமையைக் கெடுத்துப்போட்டன். நான்தான் கோலுக்கை விடச் சொன்னனான்."

போக்தான் தன் நீட்டிய கையையே பார்த்தார். கையுறையைக் கழற்றினார். கிடந்தபடியே, நீட்டிய விரல் நுனியிலிருந்து கம்பம்வரை மற்றக் கையால் சாண் போட்டு அளந்தார். ஒரு சாணுக்கும் மேலே இருந்தது. மீண்டும் அளந்தார். பிறகு தலையைத் திருப்பி மறுபக்கக் கம்பத்தைப் பார்த்தார். அது வெகு தொலைவில் நின்றது.

அவர் தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று எண்ணினேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஆளுக்குத் தலையிலை அடிபட்டிட்டுது," என்றார் தவம்.

போக்தான் துள்ளி எழுந்தார். முழங்காலுக்கு ஒன்றுமில்லை. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் கோல் வாயிலின் நடுவில் நிறுத்தினார்.

"கைகளை விரியுங்கள்," என்றார். விரித்தேன்.

"வலப்பக்கம் பாருங்கள். இடப்பக்கம் பாருங்கள். இப்போது மேலே."

பார்த்தேன். என் விரல்களுக்கு அப்பால் இருபுறமும் வெறுமையாகக் கிடந்தது. குறுக்குக் கம்பத்துக்கு மேலே கோடை வானம். ஒரு மாட்டுவண்டியை என்னைத் தொடாமல் இருபுறமும் ஓட்டிச் செல்லலாம் போலிருந்தது.

"நான் பாய்ந்தேன். சரியான பக்கம் பாய்ந்தேன். நான் உயரமானவன். எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. அப்படியும் பந்து போய்விட்டது," என்றார். "அடித்தவர் யார்? அரிசி விற்கிறவர்!"

"பாசுமதியும் விற்கிறேன்," என்று யேர்மன் மொழியில் திருத்தினார் குணம் அண்ணை.

"ஓராண்டுக்கு மேலாக இந்தக் காப்பாளர்களைச் சுவர் என்று எண்ணிப் பயந்தேன். இன்றைக்கு நானே அந்தச் சுவர். எவ்வளவு ஓட்டையான சுவர்!"

ஆட்டம் முடிந்தும் அவர் வெளியேறவில்லை. எல்லாரையும் அடிக்கச் சொன்னார். சேலைக் கொசுவத்தைச் செருகிக்கொண்டு வந்த பெண்கள், தவத்தின் மனைவி, ஒலேனா, வடை பொரித்தவர் என்று வரிசையாக வந்து அடித்தார்கள். பாதிக்கு மேல் உள்ளே போயிற்று. உள்ளே போகும் ஒவ்வொரு பந்தும் அவரை மேலும் மகிழ்வித்தது. அன்று அவர் ஒருமுறைகூடத் தாமாகப் பந்தை அடிக்கவில்லை. அதைக் கவனித்தவர் ஒலேனா. "செவ்வாய்க்கு வைத்திருக்கிறார்," என்று என்னிடம் சொன்னார். சொல்லும்போது விரல்களைக் கோத்துப் பிடித்திருந்தார்.

வேலியோரம்

செவ்வாய்க்கிழமை காலையில் தவம் விடுப்பு எடுத்துக்கொண்டார். அவரும் நானும் வட்டாரத் தொடர்வண்டியில் போனோம். போக்தான் எங்களுக்கு முன்னரே போயிருந்தார். பயிற்சித் திடலைச் சுற்றிக் கம்பிவேலி. வேலியோரம் தொட்டால் அரிக்கும் செந்தொட்டிச் செடிகள். தூறல் விழுந்தபடி இருந்தது. தொப்பி அணிந்த பயிற்சியாளர் களத்தின் ஓரத்தில் கைகட்டி நின்றார்.

இரு பிரிவாகப் பிரிந்து ஆடினார்கள். போக்தான் ஓடினார், நன்றாகவே ஓடினார். முதற்பந்து வந்தது. முதுகைக் கோலுக்குக் காட்டியபடி வாங்கி, உடனே பின்னால் நின்றவருக்குத் திருப்பிக் கொடுத்தார்.

"ஐயோ," என்றார் தவம்.

இரண்டாவதும் அவ்வாறே. அதன்பின் நெடுநேரம் பந்து அவர் பக்கம் வரவில்லை. அவர் தடுப்பாட்டக்காரரின் முதுகுக்குப் பின்னே நின்றார். பயிற்சியாளர் வேறொருவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தவம் வேலிக் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தார். நான் என் ஆலை எந்திரத்தின் திருகாணிகளை எண்ணிக்கொண்டேன். கண்டது ஒன்று, கண் நம்புவது வேறொன்று.

அப்போது போக்தான் ஒரு செயல் செய்தார். பந்து மறுகரையில் கிடக்க, நின்ற இடத்திலிருந்தே திரும்பிக் கோல் வாயிலைப் பார்த்தார். வலப்பக்கக் கம்பம். இடப்பக்கக் கம்பம். மேலே. பிறகு தடுப்பாட்டக்காரருக்கு முன்னே வந்து நின்றார்.

பந்து வந்தது. வாங்கினார். திருப்பிக் கொடுக்கவில்லை. ஒரே சுழற்சியில் திரும்பி அடித்தார்.

ஈர வலை குலுங்கி நீர் தெறித்தது. காப்பாளர் பாய்ந்த பக்கம் சரியானதுதான்.

தவம் எழுப்பிய ஒலியை எழுத்தில் வடிக்க எனக்குத் தெரிந்த தமிழ் போதாது. பயிற்சியாளர் திரும்பி எங்களைப் பார்த்தார்; பிறகு போக்தானை அருகே அழைத்தார். வேலிக்கு நேரே நின்று பேசியதால் எங்களுக்கும் கேட்டது.

"முதலிரண்டையும் பின்னால் கொடுத்தாய். இதை ஏன் கொடுக்கவில்லை?"

"இடம் இருந்தது," என்றார் போக்தான்.

அவரை எடுத்துக்கொண்டார்கள்; ஆனால் உடன்படிக்கை குளிர்கால இடைவேளை வரைக்கும்தான். போக்தான் குளித்துவிட்டு வந்து அதைச் சொன்னதும் தவத்துக்குக் கோபம் வந்தது.

"அவ்வளவும்தானோ? ஒரு வருசமாவது குடுத்திருக்கலாமே, கஞ்சர்கள்!"

நான் அதை மொழிபெயர்த்தேன். போக்தான் தோளைக் குலுக்கினார். "முன்கள வீரனுக்கு எப்போதும் அடுத்த சனிக்கிழமை வரைக்கும்தான் வேலை," என்றார். மாலையில் ஒலேனா எங்களுக்குத் தொலைபேசியில் சொன்னார்: பயிற்சியிடத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்க இல்லத்தில் இசைந்துவிட்டார்களாம். "முதியவர்கள் எங்கும் ஓடிவிடமாட்டார்கள்," என்று சிரித்தார். நானும் ஒரு முதியவன் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்து மன்னிப்புக் கேட்டார்.

முதல் ஆட்டத்துக்கு நாங்கள் ஒரு சிற்றுந்து நிறையப் போனோம். போக்தானைத் தொடக்கத்தில் இறக்கவில்லை. ஆட்டம் சமநிலையில் இருக்க, முடிவுக்குச் சற்று முன்னரே களத்தில் விட்டார்கள். வந்த முதற்பந்தை மார்பில் வாங்கி, கீழே விழவிடாமல் அடித்தார். அது கம்பத்துக்கு வெளியே வெகுதூரம் விலகிப்போய் விளம்பரப் பலகையில் மோதியது. கூடியிருந்தோர் ஒரே மூச்சாகப் பெருமூச்செறிந்தார்கள். எனக்குப் பின்னால் இருந்த ஒருவர் கெட்ட சொல்லொன்றைச் சொன்னார். தவம் இரு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

நான் போக்தானைப் பார்த்தேன். அவர் அதற்குள் தடுப்பாட்டக்காரரை விட்டு விலகி வெளியான இடத்துக்கு ஓடிவந்து, வலக்கையை உயர்த்திப் பந்து கேட்டுக்கொண்டு நின்றார்.